ரோகிணிக்குக் கீழே எட்டுப் படி

திருவனந்தபுரம்
2.10.2019

அன்புள்ள அக்காவுக்கு,

கௌசல்யா எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனக்காட்டில் ரேஞ்ச் மட்டும் கிடைத்திருந்தால் இதையெல்லாம் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம், இங்கே இங்கிலீஷ் என்று ஆகிவிட்டதால் தமிழில் கடிதம் எழுதுவது பரீட்சை எழுதுவதுபோல் இருக்கிறது. நீ சிரிக்கக் கூடாது.

அக்கா, எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். இது பி.எஸ்ஸி. பிசிக்ஸில் கடைசி வருடம். வானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போக வேண்டுமென்றால் மார்க் மட்டும் போதாது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கோடையில் இரண்டு மாதம் சில மாணவர்களை எடுத்துப் பழக்குகிறார்கள். அங்கே கால் வைத்தவர்களுக்குத்தான் பிறகு வழி திறக்கிறது. அதற்கு யோசுவா சாரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். எங்களுக்கு வான்பௌதிகம் நடத்துகிறவர், பாறசாலைக்காரர், தமிழ் பேசுவார். ஒரு வேலையைச் சொந்தமாகச் செய்து காட்டாமல் யாருக்கும் கடிதம் கொடுக்க மாட்டார்.

வேலை இதுதான். விடியற்காலையில் தலைக்கு மேலே மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் நிற்கும், உனக்கே தெரியும். அதற்கு வடக்கே சிவப்பாக இருப்பது திருவாதிரை. தெற்கே வெள்ளையாக ஒன்று இருக்கும், அதை வெள்ளை என்றே வைத்துக்கொள். மேற்கே தள்ளி இன்னொரு சிவப்பு, அது ரோகிணி. வெள்ளை நல்ல வெளிச்சம், ரோகிணி அதைவிடக் குறைவு. வெள்ளையிலிருந்து ரோகிணி வரை பத்துப் படி இறங்குவதாக நினைத்துக்கொண்டு, திருவாதிரை எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதன் வெளிச்சம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். முன்னே பார்த்தவர்கள் கணக்கில் ஐந்து, ஆறு என்று இருக்கிறது.

எங்கள் ஹாஸ்டல் கேட் ஆறு மணிக்கு முன் திறக்காது, மொட்டைமாடிக்கும் பூட்டு. நீயோ நாலரைக்கே தண்ணீர் பிடிக்கப் போகிறாய். இத்துடன் ஒரு நோட்டு அனுப்பியிருக்கிறேன். தேதி, நேரம், படி, பார்த்தவர் என்று கோடு போட்டிருக்கிறேன். பென்சிலால் எழுது. தப்பு என்று தோன்றினாலும் அழிக்காதே, அடுத்த வரியில் எழுது. எழுதியதை அழிக்கக் கூடாது என்பது சாரின் முதல் விதி. ‘பார்த்தவர்’ என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விடு. சனி ஞாயிறு ஊருக்குப் போய் நானே பார்ப்பதாகத்தான் சாரிடம் சொல்லியிருக்கிறேன். நீ பார்த்தால் என்ன, நான் பார்த்தால் என்ன, இரண்டும் ஒரே வீட்டுக் கண்தானே.

அன்புடன்,
உன் தங்கை
கௌசல்யா


போனக்காடு
9.10.2019

என் செல்லக் கௌசிக்கு,

அக்கா நாச்சியாரின் முத்தங்கள். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய்தான் இன்னும் பலமாகியிருக்கிறது. நீ சாப்பாட்டில் மீன் இருக்கிறதா இல்லையா என்று எழுதவில்லையாம், அதற்கு ஒரு நாள் முழுக்கத் திட்டு.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டு தரமும் சிரிப்பு வந்தது. இருட்டுக்குப் பயந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்கு வந்தவள் நீ. ஒரு நாளாவது தலையைத் தூக்கி மேலே பார்த்திருப்பாயா? இப்போது உனக்கு வானம் வேண்டும், அதையும் அக்கா பார்த்துத் தர வேண்டும். சரி, பார்க்கிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு தரம் கோட்டைவிட்டவளுக்கு இப்படியாவது ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்ததே.

நீ சொன்ன படிக் கணக்கு எனக்குப் புதிது இல்லை. தேயிலை ஃபேக்டரி நின்ற பிறகு நாங்கள் எடுக்கிற கொழுந்தை வாங்க ஜீப்பில் ஒருத்தன் வருகிறான். அவனுடைய தராசு எப்போதும் அவன் பக்கம்தான் பேசும். அதனால் நான் இரண்டு கையிலும் இரண்டு சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் விடுவேன். இது அதைவிடக் கனம், அது இதைவிட லேசு, நடுவில் இவ்வளவு. நான் சொன்னதற்குமேல் அவனால் ஒரு கைப்பிடி ஏமாற்ற முடிந்தது கிடையாது. அங்கே கை செய்கிற வேலையை இங்கே கண் செய்கிறது, அவ்வளவுதான்.

நம் வீட்டுக் கண் என்று எழுதியிருந்தாய். அப்பா நினைவு வந்துவிட்டது. கடைசி இரண்டு வருஷம் எரிகிற பல்பையே மங்கல், மங்கல் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார். நாமும் பல்பை மாற்றிக்கொண்டே இருந்தோம். மூன்றாம் வளைவில் கலுங்குப் பாலத்தைத் தாண்டிப் பள்ளத்தில் கால் வைத்த அன்றைக்குத்தான் அவருக்குக் கண்ணே போயிருந்தது என்று தெரிந்தது. அதை விடு, விடிந்ததும் எதற்கு அழுகை.

ஆறாம் தேதி வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. திருவாதிரை ஏழாவது படி. எட்டாம் தேதியும் ஏழு. பேர் எழுதுகிற இடத்தைச் சொன்னபடி வெறுமையாக விட்டிருக்கிறேன். சஜி கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், வித்துராவில் பெட்டியில் போட்டுவிடுவான்.

உன் அக்கா
நாச்சியார்


திருவனந்தபுரம்
17.10.2019

அன்புள்ள அக்கா,

உன் அளவுகளை என் நோட்டில் எழுதிச் சாரிடம் காட்டினேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் “கௌசல்யா, உனக்கு நல்ல கண்ணு” என்றார். அகில் என்று ஒரு பையன் இருக்கிறான், எப்போதும் அவன்தான் முதல். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பெங்களூர் விண்ணப்பம் எழுத ஆரம்பித்துவிட்டேன். எதனால் இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்து சின்ன வயதிலிருந்தே வாசலில் நின்று நட்சத்திரம் பார்த்து வளர்ந்தேன் என்று எழுதினேன். உனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அங்கே இருக்கிறவர்களுக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும்.

மீன் வாரம் இரண்டு நாள் உண்டு என்று அம்மாவிடம் சொல். தவறாமல் பார், அக்கா. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

உன்
கௌசி


போனக்காடு
4.11.2019

செல்லக் கௌசிக்கு,

துலா மழை எங்களை ஊறவைத்துவிட்டது. சாயங்காலம் ஆனால் இடி, விடியும்போது காலெல்லாம் அட்டை. அடுத்த வீட்டு முத்தாரம்மாள் அக்கா நான் தினமும் அண்ணாந்து நிற்பதைப் பார்த்து, பாஸ்போர்ட் எடுத்து மேலே எங்காவது வேலைக்குப் போகப் போகிறாயா என்று கேட்கிறாள். மழை விட்ட நாளெல்லாம் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் இருபதாம் தேதி எட்டாவது படி. இருபத்தாறும் எட்டு. நவம்பர் மூன்றாம் தேதி ஒன்பது. உன் நட்சத்திரம் இளைத்துக்கொண்டே வருகிறது, அதற்கு உங்கள் ஹாஸ்டல் சாப்பாடு போடுகிறார்களோ என்னவோ. முதலில் மேகம் மறைக்கிறது என்று நினைத்தேன். மேகம் என்றால் பக்கத்தில் இருக்கிற வெள்ளையும் மங்க வேண்டும், அது அப்படியேதான் இருக்கிறது. சாரிடம் கேட்டு எழுது, எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்து அது நம் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது.

அக்கா
நாச்சியார்


திருவனந்தபுரம்
8.11.2019

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எட்டு, ஒன்பது என்று எழுதி அனுப்பினால் நான் சாரிடம் எப்படிக் காட்டுவது? ஒரு மாதத்தில் இவ்வளவு குறைந்ததாக நான் பார்த்த பழைய கணக்கு எதிலும் இல்லை. உன்னிடம் ஐந்து ஆறு என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன்.

பத்தொன்பதாம் தேதி ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். பிறகு மூன்று பேராசிரியர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். அங்கே நான் உளறினால் சார் எனக்குக் கடிதம் தர மாட்டார். நீ தூக்கக் கலக்கத்தில் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். முகம் கழுவிவிட்டுப் பார். ஆறு வருகிற வரைக்கும் பார். வந்ததும் எழுதி அனுப்பு.

கௌசல்யா


போனக்காடு
14.11.2019

கௌசிக்கு,

முகம் கழுவிவிட்டுத்தான் பார்த்தேன். போதாக்குறைக்கு ஒரு டம்ளர் கட்டன்சாயாவும் குடித்தேன். நேற்றுக் காலை திருவாதிரையும் ரோகிணியும் சரிக்குச் சரி. பத்தாவது படி.

ஆறு வருகிற வரைக்கும் பார் என்கிறாய். ஜீப்காரனும் இதையேதான் சொல்வான். “சேச்சி, ஒண்ணூடெ நோக்கு, முப்பதே உள்ளூ” என்பான், இன்னொரு தரம் பார், முப்பது கிலோதான் என்று. நான் முப்பத்திரண்டு என்றால் முப்பத்திரண்டுதான். பார்த்ததை எழுது, அழிக்காதே என்று விதி சொல்லிக் கொடுத்தவள் நீ. ஆறு வேண்டுமானால் நீயே எழுதிக்கொள், என் கையால் வராது.

கோபப்படாதே. ஒரே ஒரு நாள் நீயே வந்து பார். சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இரண்டு பேரும் சேர்ந்து நிற்கலாம். உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு வாங்கி வைக்கிறேன்.

அக்கா
நாச்சியார்


திருவனந்தபுரம்
20.11.2019

அக்காவுக்கு,

ரிப்போர்ட்டை நேற்றே கொடுத்துவிட்டேன். உன் எண்களை நான் சரி செய்ய வேண்டியதாயிற்று. எல்லாம் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் வருகிறபடி ஆக்கி, அழகாகக் கோடு வரைந்தேன். சாருக்குத் திருப்தி.

நீ என்னை ஜீப்காரனோடு ஒப்பிட்டதைப் படித்தபோது இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இப்போது சொல்கிறேன். கொழுந்துச் சாக்கைத் தூக்கிப் பார்க்கிறதும் இதுவும் ஒன்று இல்லை. பத்தாம் வகுப்புத் தாண்டாதவளிடம் இதைக் கொடுத்தது என் முட்டாள்தனம். உலகத்தில் எல்லாருக்கும் வெளிச்சமாகத் தெரிகிற நட்சத்திரம் உனக்கு மட்டும் நாளுக்கு நாள் மங்குகிறது என்றால் கோளாறு வானத்தில் இல்லை. அப்பாவும் மங்கல் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். நீயும் நானும்தான் பல்பை மாற்றிக்கொண்டிருந்தோம். அது அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் நோய் என்று படித்திருக்கிறேன்.

போய்க் கண்ணைக் காட்டு. இனி எனக்கு எண் எழுதி அனுப்ப வேண்டாம். நான் ஊருக்கு வர இப்போது நேரமில்லை, பெங்களூர் விண்ணப்பம் இருக்கிறது.

கௌசல்யா


போனக்காடு
30.11.2019

என் தங்கைக்கு,

ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ எழுதியதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் காலையில் பார்த்தபோது ரோகிணிக்கும் கீழே போயிருந்தது. அப்போது பயம் வந்தது. ஒரு கண்ணைப் பொத்தி ஒரு கண்ணால் பார்த்தேன், இரண்டிலும் அதேதான். ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன், கோக்க முடிந்தது. ஆனால் அப்பாவும் சாகிற வாரம்வரை ஊசி கோத்தாரே. முத்தாரம்மாள் அக்காவைக் கூப்பிட்டு இரண்டில் எது வெளிச்சம் என்று கேட்டேன். “எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு, நாச்சி. நீ போயி ஒறங்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சரிவில் இருக்கிற காட்டுக்கு இப்போது கொழுந்து எடுக்கப் போவதில்லை. இடுப்பு வலி என்று அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன். வேறொன்றும் செய்கிறேன், நீ சிரிக்காதே. கண்ணை இறுக மூடிக்கொண்டு வீட்டிலிருந்து குழாய் வரைக்கும் நடந்து பழகுகிறேன். நாற்பத்திரண்டு அடி. வருகிறபோது வரட்டும், அதற்குள் கால் பழகியிருக்க வேண்டாமா? திங்கட்கிழமை முப்பதாவது அடியில் கல் தட்டி விழுந்து நெற்றியில் வீங்கியிருக்கிறது.

கௌசி, எனக்கு ஓர் உபகாரம் செய். எண்ணெல்லாம் வேண்டாம், உன் ரிப்போர்ட்டில் என்ன இருந்தாலும் இருக்கட்டும். ஒரே ஒரு தரம் நீ வெளியே வந்து அந்த இரண்டையும் பார்த்து, எது வெளிச்சம் என்று எனக்கு ஒரு வரி எழுது. திருவாதிரைதான் வெளிச்சம் என்றால் என் கண் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி திருவனந்தபுரத்தில் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நீ கூட வருவாயா? அவர்கள் இங்கிலீஷில் எழுதுவது எனக்குப் புரியாது.

உன் அக்கா
நாச்சியார்


போனக்காடு
15.12.2019

அன்புள்ள கௌசிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் வழியில் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டாம் தேதி நானே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விட்டு மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பாவுக்கும் வித்துராவில் முதலில் ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள்.

அங்கிருந்து உன் ஹாஸ்டலுக்கு வந்தேன். மருந்து விட்ட கண்ணில் வெயில் குத்தியது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் உள்ளே போய்விட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமலே நீ கிளாஸில் இருப்பதாகச் சொன்னார். ஒரு மணி நேரம் நின்றேன். மேல் வராந்தாவில் தூணுக்குப் பக்கத்தில் உன் பச்சைச் சுடிதார் நின்றதுபோல் இருந்தது. கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் காணவில்லை. அன்றைக்கு என் கண்ணில் எதையும் நம்ப முடியாதே. அம்மா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயை வாட்ச்மேனிடம் கொடுத்தேன், கிடைத்ததா?

தம்பானூரில் பஸ் போர்டு ஒன்றும் தெரியவில்லை. நெடுமங்காடு என்று நினைத்து நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பினேன். வீடு வந்து சேர்ந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

இன்று காலை ரோகிணிக்குக் கீழே நான்கு படி. இதை நீ கேட்கவில்லை, தெரியும். டாக்டரம்மா கண்ணில் ஒன்றுமில்லை என்கிறார், என் கண்ணோ இப்படிச் சொல்கிறது. நடுவில் நான் எதை நம்ப? ஒரு வரி எழுது, கௌசி.

அக்கா


திருவனந்தபுரம்
24.12.2019

என் உயிரான அக்காவுக்கு,

ஆயிரம் மன்னிப்பு. நீ வந்த அன்று எனக்கு லேப். நீ வந்ததை வாட்ச்மேன் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். ஊறுகாயைப் பார்த்து அழுதுவிட்டேன்.

உனக்கு ஒரு நல்ல சேதி. உன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. திருவாதிரை உண்மையிலேயே மங்கியிருக்கிறது. எத்தனையோ வருடத்தில் இப்படி மங்கியது இல்லையாம். உலகம் முழுக்க இப்போது இதுதான் பேச்சு. நேற்றுத்தான் சார் சொல்லி எனக்கே தெரியும். தெரிந்ததும் உனக்கு எழுதுகிறேன்.

ஆனால் அக்கா, எனக்கு இப்போது பெரிய கஷ்டம். நவம்பரிலேயே மங்க ஆரம்பித்துவிட்டதாம், என் ரிப்போர்ட்டிலோ மங்கவே இல்லை. சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கிளாஸ் இருக்கிற நாளில் அக்கா பார்த்து எழுதி அனுப்பினாள், அதை அப்படியே போட்டேன் என்று சொன்னேன். ஜனவரி நான்காம் தேதி ஜீப் எடுத்து அங்கே வந்து உன்னைப் பார்க்கப் போகிறாராம்.

நீ ஒன்றே ஒன்று சொன்னால் போதும். நோட்டைப் பார்த்து எனக்குக் கடிதம் எழுதும்போது எண்களைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல். உன்னை யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை. படிக்காதவள் தெரியாமல் செய்துவிட்டாள் என்று விட்டுவிடுவார்கள். எனக்கோ இது வாழ்க்கை. விண்ணப்பம் போய்விட்டது, சாரின் கடிதம் மட்டும்தான் பாக்கி. நான் முன்னால் எழுதிய கடிதங்களை எரித்துவிடு, இதையும்.

நான் பொங்கலுக்கு வருகிறேன். உன் மடியில் தலைவைத்துப் படுக்க வேண்டும்.

உன் செல்லம்
கௌசி


போனக்காடு
10.1.2020

கௌசல்யாவுக்கு,

இன்று திருவாதிரை நோன்பு. அம்மா களி கிண்டியிருக்கிறாள். உனக்கு அனுப்பச் சொன்னாள், நான் அனுப்பவில்லை.

உன் கடிதம் வந்த அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணில் ஒன்றுமில்லை என்ற வரியைப் படித்ததும் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நீ எண்ணை மாற்றியது, பொய் சொல்லச் சொன்னது எல்லாம் அந்த அழுகையில் கரைந்துவிட்டது. தங்கைதானே, சொல்லிவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன்.

நான்காம் தேதி மத்தியானம் சார் வந்தார். உன் கிளாஸ் பிள்ளைகள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். உனக்குக் காய்ச்சல் என்று சொன்னாயாம். நல்ல மனிதர், லயத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன், கடிதத்தில் எண்ணை நான்தான் தப்பாக எழுதினேன், படிக்காதவள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவர் நம்பினார், கௌசல்யா. “தப்பு யாருக்கும் வரும்மா. பிள்ளைக்க மேல குத்தமில்லேன்னு தெரிஞ்சுதே, அது போதும். கடிதம் எழுதிக் கொடுத்துருவேன்” என்றார். உன் காரியம் அந்த நிமிடம் முடிந்துவிட்டது.

பிறகு இருட்டுவதற்காகக் காத்திருந்தோம். சாயா குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். “டிசம்பர் ஒம்பதாம் தேதியே கௌசல்யாட்ட சொல்லிட்டேன், திருவாதிரை மங்கிட்டுன்னு. கிளாஸ்ல மொதல்ல அவகிட்டதான் சொன்னேன். கேட்டதும் பிள்ளைக்க முகம் வெளுத்துப் போச்சு” என்றார். நான் தேதியைத் திருப்பிக் கேட்டேன். ஒன்பதுதான், திங்கட்கிழமை என்றார்.

நான் உன் கேட்டில் நின்றது பன்னிரண்டாம் தேதி.

அதற்கு மூன்று நாள் முன்னாலேயே உனக்குத் தெரியும். கண்ணில் மருந்தோடு நான் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றபோது உனக்குத் தெரியும். ஒரு வரி எழுது என்று கெஞ்சிய கடிதம் உன் பெட்டியில் இருந்தது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்கு நடந்து பழகினேன். சார் இங்கே வரப் போகிறார் என்று ஆகியிருக்காவிட்டால் நீ எழுதியிருக்கவே மாட்டாய். நான் குருடாகப் போகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்ததில் உனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அப்பாவின் சாவை எடுத்து அதற்கு உபயோகித்துக்கொண்டாய். வராந்தாவில் நின்ற பச்சைச் சுடிதாரையும் நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏழரை மணிக்கு வானம் தெளிந்தது. எத்தனை படி என்று சார் கேட்டார். ரோகிணிக்குக் கீழே ஏழு என்றேன். அவரும் தாளில் ஏழு என்றுதான் எழுதி வைத்திருந்தார். கௌசல்யா எந்த இடத்தில் நின்று பார்ப்பாள் என்று கூட வந்த பையன் கேட்டான். சின்ன வயதிலிருந்தே லயத்து வாசலில் நின்று நட்சத்திரம் பார்த்ததாக நீ எழுதியதைச் சார் எல்லாருக்கும் படித்துக் காட்டினாராம். ஒரு நாளும் பார்த்ததில்லை என்றேன். பிறகு உள்ளே போனேன். அரிசி டப்பாவுக்குள்ளிருந்து நோட்டையும் உன் கடிதங்களையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். முதல் கடிதத்திலிருந்து டிசம்பர் இருபத்துநான்கு வரைக்கும் எல்லாம். எரிக்கச் சொல்லியிருந்தாய். எழுதியதை அழிக்கக் கூடாது என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தாய்.

டார்ச் வெளிச்சத்தில் நின்றபடியே படித்தார். நவம்பர் இருபதாம் தேதிக் கடிதத்தை மட்டும் இரண்டு தரம் படித்தார். “உங்க கண்ணைப் பத்தியா இப்படி எழுதினா?” என்று மட்டும் கேட்டார். உனக்கு அவர் இனிக் கடிதம் எழுத மாட்டார். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை மனம் மாறியிருப்பார், அந்த அளவுக்கு இளகின மனிதர். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

போகும்போது சார் தன் பேனாவைக் கொடுத்தார். நோட்டில் வெறுமையாக இருந்த இடத்தில் எல்லா வரியிலும் என் பெயரை நானே எழுதினேன். நாற்பத்தாறு தரம். அளவு எல்லாவற்றையும் என் பெயரில் அனுப்ப ஓர் இடம் இருக்கிறதாம், அனுப்பப் போகிறார். அதனால் எனக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. நாளைக்கும் கொழுந்து எடுக்கத்தான் போவேன், சரிவில் இருக்கிற காட்டுக்கே போவேன்.

பொங்கலுக்கு வராதே. உனக்கு வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நம்பிவிட்டாள். உன்னிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் சஜியிடமே திருப்பிக் கொடுப்பேன்.

கடைசியாக ஒன்று. இதைப் பார்க்க மலை ஏறி வர வேண்டியதே இல்லையாம். இப்போதெல்லாம் சாயங்காலமே தெரிகிறது, உன் ஹாஸ்டல் கேட்டில் நின்று தலையைத் தூக்கினால் போதும் என்று சார் சொன்னார். கேட் பூட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் வந்து பார். அன்றைக்கு நான் நின்ற இடத்திலேயே நின்று பார்.

நேற்று இரவு 7.40. ரோகிணிக்குக் கீழே எட்டுப் படி.

பார்த்தவர்: நாச்சியார்